மேலே ஏறலாம், கீழே இறங்க ஏலாது

இணையத்துத் தரவெல்லாம் இப்போது ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறதாம். ஒன்றைத் தொட்டால் அடுத்தது, அதைத் தொட்டால் இன்னொன்று. உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ 2006இல் இதற்கு நாலு விதி எழுதி வைத்தார். நாலாவது விதி, மற்றவற்றுக்கும் இணைப்புக் கொடுங்கள், ஆட்கள் மேலும் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்பது. அந்த ஆட்களில் எங்கள் சொறிக்கல்முனைக்காரரும் அடக்கமா என்று யாரிடம் கேட்பது?

அக்காவின் மகளுக்குப் பாடசாலையில் ஒப்படை: நாவிதன்வெளிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஊர்களும் அவற்றைப் பற்றி இரண்டு வரியும். ஃபோனில் ஒரு தரவுத்தளத்தைத் திறந்தோம். தமிழில் அடித்தால் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அடிக்கலாமென்றால் 'கே' ஒன்றா இரண்டா, முதலெழுத்து 'எஸ்'ஸா 'சி'யா? ஒருவழியாகச் சொறிக்கல்முனை வந்தது. ஊரா அது? தலைப்பில் ஓர் இலக்கம், கீழே வரிவரியாக அகலக்கோடு, நெடுங்கோடு, நாடு, நிருவாக அலகு. திருச்சிலுவை ஆலயத்தைக் காணோம், வயலைக் காணோம். நிருவாக அலகைத் தொட்டாள். பிரதேச செயலகப் பிரிவு வந்தது. பிறகு அம்பாறை மாவட்டம், கிழக்கு மாகாணம், இலங்கை.

"மாமா, நாம எங்க போறம்?"

இறங்கப் பார்த்தால் படியே இல்லை. ஊரின் பக்கத்தில் 'இந்தப் பிரிவுக்குள் இருக்கிறது' என்று எழுதியிருக்கும். பிரிவின் பக்கத்தில் 'எனக்குள் இன்னின்ன ஊர்கள்' என்று இருக்காது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவிலும் பெரும்பாலும் இதே வழக்கம்தான். இரு பக்கமும் எழுதினால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்களாம். நியாயம்தான், கணினிக்கு ஒரு பக்கம் போதும். மனிதர் இறங்க வேண்டுமென்றால் ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி படித்து, 'பி131' என்று குறியீடு போட்டுக் கேட்க வேண்டும். தரம் எட்டுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

கல்முனையில் கைவைத்தால் இன்னும் கூத்து. நகரம் ஒரு கல்முனை, மாநகர சபை ஒரு கல்முனை, தேர்தல் தொகுதி ஒரு கல்முனை. தனித்தனியாக இருக்கத்தான் வேண்டும், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பெயர் மட்டும் தெரிகிற பட்டியலில் எதைத் தொட? கச்சேரியில் மேசைக்கு மேசை அனுப்புகிற மாதிரி, போன பிறகுதான் 'இது இல்ல, அங்க போங்க' என்று தெரிகிறது.

காலக்கணக்கு வேறு. 1961க்கு முந்திய புத்தகத்தில் எங்கள் பக்கம் மட்டக்களப்பு மாவட்டம். 2006ஆம் ஆண்டுக் கடிதத்தில் வடக்கு கிழக்கு மாகாணம். இரண்டும் பிழையில்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று குறித்துவைக்க இந்தத் தளங்களில் வசதி உண்டு. நிரப்பத்தான் ஆளில்லை.

இறங்கப் படி வைத்த தளமும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் பதிப்பகத்தைத் தொட்டால் அது போட்ட புத்தகங்கள் வரிசையாக வருகின்றன. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே போய் மணிக்கணக்காக மேயலாம். அதேபோல் பிரிவைத் தொட்டால் ஊர்ப் பெயர்கள் தமிழில் வரட்டுமே. வேறு ஒன்றும் கேட்கவில்லை, அகலக்கோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.