பழைய குறிப்பேடும் புதிய கைப்பேசியும்



கைப்பேசியை மாற்றுவது இன்று புதுச் சட்டை எடுப்பது போலாகிவிட்டது. கடைக்குப் போகிறோம், பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். "எல்லாம் வந்துவிட்டதா?" என்று கேட்கிறோம். "வந்துவிட்டது" என்கிறார் கடைக்காரர். அத்தோடு சரி. அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்காமல் நான் பட்ட பாட்டை இம்முறை சொல்கிறேன்.

கையடக்க மின்னணுக் குறிப்பேடு என்று ஒரு கருவி இருந்தது. இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டைப் பையில் அடங்கும். முகவரி, நாள்குறிப்பு, செய்ய வேண்டிய வேலை, சிறு குறிப்பு ஆகியவற்றை எழுதி வைக்கலாம், பேச முடியாது. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'பைலட்' என்ற கருவியே இவ்வகையில் பெரும் பெயர் எடுத்தது. பின்னர் 'பாம்' என்ற பெயரே நிலைத்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். அந்த அளவு கைக்கும் பைக்கும் ஒத்து வருமா என்று அறியத்தான்!

அவ்வகைக் கருவி ஒன்றை, நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த புதிதில், 2003ஆம் ஆண்டு பழைய விலைக்கு வாங்கினேன். சிறு குச்சியால் கண்ணாடியில் எழுத வேண்டும். ஆங்கில 'ஏ' எழுதும்போது நடுக்கோடு போடக்கூடாது. கூரை முகடு போல ஒரே இழுப்பு. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் நான், இயந்திரத்திடம் எழுதப் படித்தேன்!

அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்கள் காலியாகின. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்கும், உறவினர் வீட்டுக்கும், வேறு தோட்டத்துக்கும் பிரிந்தன. விடைபெற வந்த ஒவ்வொருவரிடமும் புதிய இடத்தையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று முனியாண்டிகளும் நான்கு லெட்சுமிகளும் இருந்ததால், 'மேட்டு லயம்', 'ஆயாக் கொட்டகை அம்மா' என்று அடையாளமும் சேர்த்தேன். பிள்ளைகளின் பள்ளிப் பத்திரத்துக்கோ ஒரு துக்கச் செய்திக்கோ எங்கள் தோட்டத்தாரைத் தேடுபவர்கள் முதலில் என் சட்டைப் பையைத்தான் பார்ப்பார்கள்.

2009ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. கருவிக்கு வயதாகிவிட்டது. கண்ணாடியின் மேல் பகுதி குச்சிக்குக் கட்டுப்படவில்லை. ஊரிலிருந்து வந்த என் தம்பி சிரித்தான். "தூக்கிப் போடுங்கண்ணே! இப்ப யாரு இத வச்சிருக்கா? முக்கியமான ஆளுங்க நம்பர மட்டும் கைப்பேசியில அடிச்சிக்குவோம்."

முக்கியமானவர் யார், முக்கியமில்லாதவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? "எல்லாரையும் மாற்றுவோம்" என்றேன். மாற்றும் வேலைக்கு வலு வேண்டுமே என்று பேட்டரியைக் கழற்றினேன். அந்தக் கருவியில் எழுதியதெல்லாம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். புதிய பேட்டரி போடச் சுமார் ஒரு நிமிடம்தான் அவகாசம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாசலில் யாரோ கூப்பிட, கழற்றியதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பேட்டரியைப் போட்டால், கருவி அன்று பிறந்த குழந்தை போல விழித்தது. ஒரு பெயரும் இல்லை.

பிழை என்னுடையது, கருவியைக் குறை சொல்வதற்கில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. இவ்வகைக் கருவியைக் கணினியோடு கம்பியால் இணைத்தால், உள்ளே இருப்பதற்கு ஒரு நகல் கணினியில் தங்கும். என் கருவியின் கம்பி, பழைய கணினிகளில் இருக்கும் ஒன்பது ஊசித் துவாரத்தில்தான் பொருந்தும். அப்படிப்பட்ட கணினி பள்ளிச் சாமான் அறையில் கழிவுக்குக் காத்துக் கிடந்தது. தலைமையாசிரியரிடம் சாவி வாங்கித் தூசி தட்டி இயக்கினோம். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று மாலை கருவியையும் கைப்பேசியையும் மேசையில் முகத்துக்கு முகம் வைத்து, அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒவ்வொரு பெயராக அனுப்பினோம். இரவு வெகுநேரமாயிற்று. முடித்த பிறகுதான் உறைத்தது: நான் கடைசியாகக் கணினியில் இணைத்தது மார்ச் மாதம். அதற்குப் பின் எழுதிய 11 குடும்பங்கள் இல்லை.

கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் விசாரித்தேன். 2010ஆம் ஆண்டு தைப்பூசத்துக்குள் பத்துக் குடும்பங்கள் கிடைத்தன. கிடைக்காதது ஒரு பாட்டியும் பேத்தியும். அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. 12 வயதில் அடையாள அட்டை எடுக்க அது வேண்டும். "விண்ணப்பம் போடும்போது கூப்பிடுகிறேன், நானே சாட்சிக்கு வருகிறேன்" என்று பாட்டியிடம் வாக்குக் கொடுத்து, அவர் சொன்ன எண்ணை என் கையால் எழுதியிருந்தேன். அவர் என்னை நம்பி, என் எண்ணைக் கேட்கவில்லை. இன்றுவரை அவர்கள் இருக்குமிடம் எனக்குத் தெரியவில்லை. வேறு யாரேனும் அந்தப் பிள்ளைக்குச் சாட்சி சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அவ்வகைக் கருவிகளின் காலமும் முடிந்தது. 2007இல் ஐபோன் வந்தது. பாம் நிறுவனத்தை 2010இல் ஹெச்பி வாங்கி, மறு ஆண்டே அதன் கைப்பேசிகளை நிறுத்திவிட்டது. இன்றைய கைப்பேசி பேட்டரி தீர்ந்தாலும் மறப்பதில்லை. இணையக் கணக்கில் நகலும் வைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்து போனால் என்ன செய்வோம்? மறப்பது மனித இயல்பன்றோ!

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் பழையதில் எத்தனை பெயர் என்று குறித்துக்கொண்டு, புதியதிலும் அத்தனை இருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்க்கும் வரை பழையதைக் கைவிடாதீர்கள்; சரிபார்த்த பின் அதிலுள்ளதை அழித்துவிட்டுக் கொடுங்கள். உங்களை நம்பி எண் கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.

என் மேசையில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரும் பேத்தியின் பெயரும் மட்டும் இருக்கின்றன. எண் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.