நின்றுபோகும் கணினியும் நிற்காமல் ஓடும் பிழையும்

கடந்த நான்கு மாதங்களாக என் மடிக்கணினி வாரத்திற்கு இரண்டு முறையேனும் நீலத்திரை காட்டி நின்றுபோனது. 2017இல் முதுகலை சேர்ந்தபோது வீட்டில் கடன்பட்டு வாங்கித்தந்த இயந்திரம் அது. முனைவர்பட்ட ஆய்வின் இறுதி ஆண்டில், இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டிருக்கும் வேளையில், அது இப்படி நடந்துகொண்டது.

விடுதியில் எல்லாரிடமும் ஒரே மருந்துதான் இருந்தது. “அண்ணா, ஃபார்மேட் பண்ணிடுங்க, சரியாயிடும்.” இரண்டு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் அமைதி; பிறகு மீண்டும் நீலத்திரை. பழுதுநீக்கும் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது என்றார். காரணத்தை அறியாமல் செய்யும் பரிகாரத்துக்கும் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சான்று கேட்டுப் பழகிய ஆய்வாளர்களாகிய நாம், நம் மேசைமேல் இருக்கும் கருவி என்று வந்தவுடன் பூசாரியைத் தேடுகிறோம். அந்த முரண் எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் உறைத்தது.

நீலத்திரையை நாம் கணினியின் மரணம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. விண்டோஸ் இயக்குதளத்தின் கருப்பகுதியான கெர்னல், தான் கையாளும் நினைவகத்திலோ டிரைவர்களிலோ இருக்கக்கூடாத ஒரு நிலையைக் காணும்போது, தொடர்ந்து இயங்கினால் தரவு கெடக்கூடும் என்பதால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நிற்கும்போது ஒரு காரணக்குறியீட்டைத் திரையில் காட்டி, அந்தக் கணத்து நினைவகத்தின் சுருக்கப் பதிவைக் கோப்பாக எழுதியும் வைக்கிறது. ‘இனி என்னை நம்பாதே’ என்று ஓர் இயந்திரம் எழுதித்தரும் வாக்குமூலம் அது. அதைப் படிக்காமல் அழித்துவிடுவதற்குப் பெயர்தான் ஃபார்மேட்.

ஆகவே முதலில் பதிவு செய்யத் தொடங்கினேன். பழுதானவுடன் தானே மறுதொடக்கம் செய்யும் அமைப்பை நீக்கினேன். அப்போதுதான் திரையைப் படிக்க நேரம் கிடைக்கும். ஒரு நோட்டில் நாள், நேரம், குறியீடு, அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை எழுதினேன். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற உறையிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் சேமித்தேன். ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற கருவி எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது பழுதானது என்பதை நாள்வாரியாகக் காட்டுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைக் கண்டு அதுவே காரணம் என்று பலர் முடிவுகட்டி மின்னேற்றியை மாற்றுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது; ஏன் நின்றது என்பதை அன்று.

மூன்று வாரப் பதிவு பலவற்றைச் சொன்னது. ஒரே குறியீடு, ஒரே டிரைவரின் பெயரோடு திரும்பத்திரும்ப வந்தால் அந்த டிரைவரை ஐயுறலாம். கெர்னல் மட்டத்தில் இயங்கும் ஒரு நிரலின் பிழை என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் கையால் எழுதிய நுழைவுச்சீட்டுகள் தரப்பட்டன. வீயா என்று தொடங்கும் குறியீடு வந்தால் செயலி முதலான வன்பொருளைப் பார்க்கவேண்டும். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் வந்தால் முதலில் வன்தட்டைச் சோதிக்கவேண்டும். எனக்கோ குறியீடுகளில் ஒழுங்கே இல்லை. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட். மறுநாள் பேஜ் ஃபால்ட். அடுத்த வாரம் ஐஆர்கியூஎல். குற்றவாளியாகக் காட்டப்பட்ட டிரைவரும் ஒவ்வொரு முறையும் வேறு. அந்த ஒழுங்கின்மையே ஒரு துப்பு. எல்லாரும் பொய் சொல்வதுபோலத் தோன்றினால், அவர்கள் அனைவரும் நிற்கும் தரையைப் பார்க்கவேண்டும். இங்கே தரை என்பது ரேம்.

மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்கினேன். அது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட்ட வடிவங்களை எழுதி, எழுதியதே திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. முதல் இரவிலேயே சிவப்பு வரிகள் தோன்றின. என் கணினியில் இரண்டு ரேம் அட்டைகள். ஒன்று வாங்கும்போதே இருந்தது, மற்றது பிற்பாடு பழைய பொருள் கடையில் நான் வாங்கிச் செருகியது. நண்பர்கள் அனைவரும் இரண்டாவதன் மீது பழிபோட்டார்கள், நானும்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்ற விதியைக் கைவிடவில்லை. ஒரே செருகுவாயில் ஓர் இரவு ஓர் அட்டை, மறு இரவு மற்றது. பிழை முதல் அட்டையோடுதான் சென்றது. கடையில் வாங்கிய பழைய அட்டை குற்றமற்றது. முதல் அட்டையைக் கழற்றிய பின் இன்றுவரை நீலத்திரை இல்லை.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பழுதான நினைவகம் எல்லா நேரமும் கணினியை நிறுத்துவதில்லை. கெட்ட இடத்தில் கெர்னலின் குறிப்பு இருந்தால் நீலத்திரை வரும். அங்கே நம் தரவு இருந்தால் எதுவும் நடக்காது. ஓர் எண் மட்டும் சத்தமின்றி மாறும். சர்வர்களில் இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும் நினைவகம் பெரும்பாலும் இருக்கும். நாம் வாங்கும் சாதாரண மடிக்கணினிகளில் அது இருப்பதில்லை. என் ஆய்வு 19ஆம் நூற்றாண்டு நெல்விலை பற்றியது. ஆவணக்காப்பகத்தில் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்த விலைப்பட்டியல் ஓர் எளிய உரைக்கோப்பாக இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது முழுதாக நினைவகத்துக்கு வந்து, சேமிக்கும்போது முழுதாகத் திரும்பி எழுதப்படுகிறது. பழுது தொடங்கும் முன் பென்டிரைவில் வைத்த படியோடு இப்போதைய கோப்பை வரிவரியாக ஒப்பிட்டேன். நான் செய்த திருத்தங்கள் அனைத்தும் என் குறிப்பேட்டில் உள்ளன. அவற்றைத் தாண்டி, நான் தொடாத ஒரு வரி வேறுபட்டது. கரிசைக்கு 117 ரூபாய் என்பது 197 ஆகியிருந்தது. மூல ஆவணத்தின் ஒளிப்படத்தில் இருப்பது 117.

கணினி எழுத்துகளை இருமக் குறிகளாகச் சேமிக்கிறது. 1 என்ற எழுத்துக்கு 00110001. 9 என்ற எழுத்துக்கு 00111001. இரண்டுக்கும் ஒரே ஒரு குறி வேறுபாடு. நினைவகம்தான் இதைச் செய்தது என்று ஐயமற நிறுவ என்னால் இயலாது. என் விரல் தவறியும் இருக்கலாம். ஆனால் அந்த 197ஐ நம்பி நான் என்ன செய்தேன் என்பதை நிறுவ முடியும். அந்த ஆண்டில் அந்த வட்டத்தில் மட்டும் விலை ஏன் ஏறியது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பொய்த்த மழை, தேங்கிய போக்குவரத்து, பதுக்கிய வணிகர் என்று மூன்று காரணங்களை அடுக்கியிருந்தேன். நிகழாத ஒன்றுக்கு மூன்று காரணங்கள்! படித்த நண்பர்கள் இருவர் அந்தப் பகுதியைத்தான் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள்.

இங்கேதான் என் கருத்து. நம் முனைவர்பட்டப் பாடத்திட்டத்தில் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற தாள் கட்டாயம். 2 கிரெடிட், 30 மணி நேரம். கருத்துத்திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவீடுகள் எல்லாம் அதில் உண்டு. பிறருடையதைத் திருடாதே என்று கற்றுக்கொள்கிறோம். நம்முடையது நம்முடையதாகவே இருக்கிறதா என்று சோதிக்கக் கற்பதில்லை. ஒரு கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்துவைப்பதும், பின்னாளில் அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும் கால் மணி நேரத்தில் கற்கக்கூடியவை. மேகச் சேமிப்பில் கோப்பு இருக்கிறது என்று நிம்மதி கொள்வோரும் அறியவேண்டியது: ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. ஒத்திசைவு கெட்ட கோப்பையும் உண்மையோடு மேலே அனுப்பிவைக்கும்.

‘இதெல்லாம் கணினித்துறையினர் வேலை’ என்று சிலர் சொல்வார்கள். கல்வெட்டு ஆய்வாளர் மைப்படி எடுக்கத் தெரிந்துகொள்வதில்லையா? வேதியியல் மாணவர் தராசைச் சரிபார்ப்பதில்லையா? நமக்கு மடிக்கணினிதான் தராசு.

‘புதிது வாங்கவேண்டியதுதானே’ என்பது இன்னொரு பதில். யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல், மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் அல்லாத உதவித்தொகை பெறுபவருக்கு 8,000 ரூபாய். இந்த இரண்டாம் வகையினரிடம் புதிய கணினி வாங்கச் சொல்வது அறிவுரை அன்று. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. என்னுடையதைப் போன்ற ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட கணினிகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் இயந்திரங்கள் பழையன என்று முத்திரை குத்தப்படுகின்றன. லினக்ஸ் ஒரு வழி. ஆனால் பழுதான ரேமை லினக்ஸும் குணப்படுத்தாது. என் கணினி பிழைத்ததற்குக் காரணம், பின்மூடியைத் திறந்து அட்டையைக் கழற்ற முடிந்தது. இன்று வரும் மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஓர் அட்டையின் நோய் முழு இயந்திரத்தின் சாவாகும்.

நான் கேட்பவை சிறியவை. துறைக்கு ஒரு திருகாணி முடுக்கிப் பெட்டியும், மெம்டெஸ்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவும். அறத்தாளில் தரவின் நம்பகம் பற்றி இரண்டு மணி நேரம். நூலகத்தில், மாணவர் தம் கோப்புகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க நம்பத்தக்க ஒரு கணினி. பழுதான கணினியிலேயே காப்புப்படி எடுத்தால் படியும் கெடக்கூடும் என்பதால் அது தேவை.

நெறியாளரிடம் அந்த ஒன்றரைப் பக்கத்தை நீக்குவதாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மற்ற எண்களைப் பார்த்துவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2,300 வரிகளில் இதுவரை 900 முடிந்திருக்கிறது.