பட்டணத்துக்கு ஒரு ராத்திரி... சிவகாசிக்கு வருஷம் பூரா!

சென்னையில் யாரிடமாவது சிவகாசி என்று சொல்லிப் பாருங்கள். "பட்டாசு" என்பார். அடுத்து "வெடி விபத்து" என்பார். மூன்றாவது வார்த்தை வராது.

சிவகாசியில் போய் சென்னை என்று சொல்லிப் பாருங்கள். "பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாத ஊரு" என்பார்கள். "அசந்தா ஏமாத்திப்புடுவான்" என்பார்கள். அங்கேயும் அதற்கு மேல் பேச்சு ஓடாது.

இரண்டு ஊர்க்காரர்களும் அடுத்தவரைப் பற்றி மனசுக்குள் ஒரு படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். வெறும் கேலி, கிண்டல் என்றால் விட்டுவிடலாம். இந்தப் படத்தால் ஆள் சாகிறான் என்பதுதான் விஷயம். விவரம் வருமாறு:-

பட்டிக்காடா அது?

"சின்ன ஊரு, நிம்மதியான வாழ்க்கை" என்கிறார்களே, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

சிவகாசி 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. திருத்தங்கலையும் சேர்த்துக் கொண்டார்கள். மாவட்டத் தலைநகரான விருதுநகர் நகராட்சியாகவே நிற்கிறது. வேடிக்கைதான்!

அந்த வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழையை நம்பிப் பிழைக்க முடியாது. 1920-களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பயிருக்கு எமனாக இருந்த காய்ந்த காற்று, மருந்து உலர்த்தத் தோதாகப் போயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் அச்சுத்தொழில் வந்தது. பட்டாசும் வந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக்காலண்டரின் அடியில் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். சிவகாசி என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விருதுநகர் வேறு ரகம். பருப்பு, வத்தல், எண்ணெய் வியாபாரம். "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று பேப்பரில் விலை வருகிறதே, அந்த ஊர்தான். எண்ணெயில் பொரித்த புரோட்டாவுக்கும் பேர் போனது. (அது தனிக்கதை.)

சிவகாசியை "குட்டி ஜப்பான்" என்று நேரு சொன்னதாக மேடைக்கு மேடை பேசுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்று வட்டாரத்தில் உள்ளன. விடிந்ததும் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை ஏற்றுகிறது. டிபன் வாளியோடு பெண்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், சென்னை மின்சார ரெயிலுக்கு ஓடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள்.

சின்னப்பிள்ளைகளை வைத்து வேலை வாங்கும் ஊர் என்ற பேச்சும் உண்டு. அது பொய்யில்லை, பழசு. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. ஆபத்தான வேலையில் பிள்ளைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது கோர்ட்டு. அதற்குள் பிறந்த பிள்ளைக்கே இன்று கல்யாண வயசு தாண்டியாச்சு. நம் பேச்சு மட்டும் அங்கேயே நிற்கிறது.

"கவனக்குறைவு"

விபத்துச் செய்தி வந்ததும் டீக்கடையில் என்ன சொல்கிறோம்? "படிக்காத ஜனங்க. சூதானமா இருக்கத் தெரியல." அதோடு பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம்.

நாங்களும் "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். உராய்வு ஏன் வந்தது?

சட்டப்படி ஒரு அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி உண்டு. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. லைசென்சும் பல ரகம். பெரிய ஆலைக்கு "நாக்பூர் லைசென்சு" என்பார்கள். வெடிபொருள் துறையின் தலைமை ஆபீஸ் அங்கே இருப்பதால் அந்தப் பேர். அடுத்தது "சென்னை லைசென்சு". சின்ன ஆலைக்கு "டி.ஆர்.ஓ. லைசென்சு". சாகிறவன் முதலிப்பட்டியில் இருக்கிறான், லைசென்சுக்குப் பேர் நாக்பூர்!

தீபாவளி நெருங்க நெருங்க வெளியூர் ஆர்டர் குவிகிறது. "சரக்கு எங்கே, சரக்கு எங்கே" என்று நெருக்குகிறார்கள். விலையையும் குறைக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் 4 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 8 பேர் உட்காருகிறார்கள். மரத்தடியில் வேலை நடக்கிறது. லைசென்சு ஒருவர் பேரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேறொருவர் நடத்துகிறார். வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகத் திரி சொருகுகிறவர்களையும் போலீசார் பிடிக்கிறார்கள். பல இடங்களில் கூலி எண்ணிக்கைக்கு. கை நின்றால் காசு நின்றது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் பலியானார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் உள்குத்தகை புகார்தான் எழுந்தது. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி.

இதை எல்லாம் "படிக்காதவன் கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் மூடினால் யாருக்கு லாபம்? முதலாளிக்கு லாபம். சோதனை போடாத அதிகாரிக்கு லாபம். "இன்னும் 10 சதவீதம் தள்ளிக் கொடு" என்று கேட்டு வாங்கிய நமக்கும் லாபம். வழக்கில் முதலில் மாட்டுகிறவர் போர்மேன். அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான்.

பட்டணத்தில் மட்டும் சூதானம் கொட்டிக் கிடக்கிறதா? 2018 ஜனவரியில் டெல்லி பவானாவில் பட்டாசு வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 17 பேர் பலியானார்கள். 2023 அக்டோபரில் பெங்களூர் எல்லையில் அத்திப்பள்ளி பட்டாசுக்கடை தீயில் 14-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன வாலிபர்கள்.

ஓடி வந்தவர்கள்

"கிராமத்துல ஒண்ணுன்னா எல்லாரும் ஓடி வருவாங்க" என்பது உண்மை. முதலிப்பட்டியில் புகையைப் பார்த்து அக்கம்பக்கத்து ஜனம் ஓடி வந்தது. அப்புறம் பெரிதாக வெடித்தது. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் காயம் பலமாக இருந்தால் சுமார் 70 கிலோ மீட்டர் தாண்டி மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாத சென்னையிலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகைக் கொண்டு வந்து முன்பின் தெரியாதவர்களை ஏற்றினார்கள். அந்தப் படமும் முழுசாக ஒட்டவில்லை.

கோர்ட்டு சொன்னது

2015-ல் டெல்லியில் 3 கைக்குழந்தைகள் பேரில் சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார்கள். காற்று நாசமாகிறது, பட்டாசைத் தடுங்கள் என்பது கோரிக்கை. டெல்லிப் புகையில் மூச்சுத் திணறும் பிள்ளைக்காக அப்பன் கோர்ட்டுக்குப் போனதை யாரும் தப்பு சொல்ல முடியாது.

2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, ஆன்லைனில் விற்கக்கூடாது, 2 மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் அந்த 2 மணி நேரத்தைக் காலை 1 மணி, மாலை 1 மணி என்று பிரித்தார்கள். நேரம் தவறி வெடித்தவர்கள் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். சென்னைக்காரருக்கு நஷ்டம் அவ்வளவுதான்.

சிவகாசியில்? கம்பி மத்தாப்பு முதல் பல ரகத்துக்கும் பேரியம்தான் அடிப்படை. சரவெடி பின்னுவது பெண்களின் கைவேலை. அந்த நவம்பரில் ஆலைகளைப் பூட்டினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. வாரக்கூலியை நம்பிய குடும்பங்கள் கடன் வாங்கித் தின்றன. 2023 செப்டம்பரில் தயாரிப்பாளர்கள் மறுபடி போய்க் கேட்டும் கோர்ட்டு தளர்த்தவில்லை. 2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி கிடைத்தது.

டெல்லி நுரையீரலுக்கு வக்கீல் இருந்தார். மருந்து அறையில் உட்காரும் பெண்ணின் நுரையீரல் பற்றி அதே வேகத்தில் யாரும் பேசவில்லை. பட்டாசு வேண்டாம் என்றால் அவளுக்கு மாற்று வேலை என்ன என்பதையாவது தீர்ப்போடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையே "சிவகாசி நேரடி விலை" என்று போலி இணையதளம் போட்டு, முன்பணம் வாங்கி, கம்பி நீட்டுகிற ஆசாமிகளும் கிளம்பிவிட்டார்கள். சைபர் கிரைம் போலீசார் எச்சரிக்கை விட்டும் ஏமாறுகிறார்கள். பணம் பறிகொடுத்தவர் திட்டுவது சிவகாசியைத்தான். மோசடிக்காரன் எந்த ஊரோ!

தீபாவளி மறுநாள் சென்னை மாநகராட்சி ஊழியர்கள் தெருத்தெருவாகப் பட்டாசுக் குப்பையை அள்ளுகிறார்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்து, லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். அதுவும் சின்ன ஊர்தான். அந்தச் சமயம் சிவகாசியில் ஆலைகள் மூடிக் கிடக்கும். சில வாரம் கழித்து பூஜை போட்டுத் திறப்பார்கள். கம்பெனி பஸ் மறுபடி கிராமத்துக்கு வரும். அடுத்த தீபாவளிக்கு மருந்து கலக்க ஆரம்பிப்பார்கள்.