கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையை அவசரப்படுத்தலாமா?

திருவனந்தபுரத்தில் கரமனை, மணக்காடு, சாலை வட்டாரங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வந்தால் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "பையன் கணக்கில் புலி. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறான். ஒரு வகுப்புத் தாண்டிப் போட்டால் என்ன?" என்று தகப்பனார் கேட்கிறார். "தாண்டிப் போடுவானேன்? நல்ல டியூஷனில் சேர்த்துவிடுங்கள், தானே ஓடுவான்" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். தாயாருக்கோ, பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்றிருக்கிறது.

கேள்வி சாதாரணமானதல்ல. ஊரை விட்டு வந்து கடையிலும் ஆபீஸிலும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புதான் சொத்து. ஒரு வருஷம் மிச்சமானால் ஒரு வருஷச் சம்பளம் முன்னதாக வீட்டுக்கு வரும் என்ற எண்ணமும் இதில் கலந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் முடிவு தவறினால் நஷ்டம் தகப்பனாருக்கு அல்ல, பிள்ளைக்கு.

டபுள் பிரமோஷன் காலம்

முற்காலத்தில் டபுள் பிரமோஷன் என்பது அபூர்வமானதல்ல. சர் சி. வி. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1907இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரியாக அமர்ந்தபோது அவருக்கு வயது 18தான். 1930இல் நோபல் பரிசும் வந்தது. இதைக் கேட்ட எந்தத் தகப்பனாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் சைடிஸ் என்ற சிறுவன் 1909இல், 11 வயதில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பத்திரிகைகள் அவனை அதிசயப் பிறவி என்று கொண்டாடின. வளர்ந்த பிறகு அவன் தேடியதோ, யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாத சிறு சிறு குமாஸ்தா வேலைகளைத்தான். கூட்டல் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டு காலம் தள்ளி, 1944இல் 46 வயதில் மறைந்தான். குமாஸ்தா வேலை இழிவல்ல. ஆனால் கணிதமே வேண்டாம் என்று ஒதுங்கும் அளவுக்கு ஒரு பிள்ளை மனம் கசந்து போனது யோசிக்க வேண்டிய விஷயம்.

சைடிஸ் கணிதத்திலிருந்து குமாஸ்தா வேலைக்குப் போனான். சீனிவாச ராமானுஜன் குமாஸ்தா வேலையிலிருந்து கணிதத்துக்கு வந்தார். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி மாணவர்களின் திரிகோணமிதிப் புத்தகத்தை முடித்தவர் அவர். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களைக் கவனியாமல் விட்டதால் தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகே வழி திறந்தது. கணக்கில் அவர் வேகமாகப் போனது குற்றமல்ல. அந்த வேகத்தைப் புரிந்துகொண்டு, மற்றப் பாடங்களில் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

ஆராய்ச்சி சொல்வது

சில உதாரணங்களை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. 1971இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர், கணிதத்தில் மிஞ்சி நிற்கும் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆராயத் தொடங்கினார். அவர்களில் பலரை ஐம்பது வயது வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வேகமாகப் படிக்க வைக்கப்பட்டதால் அவர்களுடைய மனநலம் கெட்டதாகத் தெரியவில்லை. தகுதியுள்ள பிள்ளையை வேண்டுமென்றே கட்டிப் போடுவதும் சரியல்ல என்பதே இதன் பொருள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? கல்லூரியில் சேரப் போகிறவர்கள் எழுதும் தேர்வை 12, 13 வயதில் எழுதித் தேறியவர்கள் அவர்கள். வாய்ப்பாட்டை மடமடவென்று ஒப்பிக்கிறான், கூட்டலை மனதிலேயே போடுகிறான் என்பது அந்தத் தகுதியாகாது. அது நல்ல பழக்கம், அவ்வளவே.

அப்படிப்பட்ட அபூர்வப் பிள்ளைக்கும் எல்லாப் பாடத்திலும் ஒரே தாண்டலாகத் தாண்டுவது நல்ல வழியல்ல. ஆஸ்திரேலியாவில் 1975இல் பிறந்த டெரன்ஸ் டாவோ இதற்கு நல்ல உதாரணம். மூன்றரை வயதில் அவரைப் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் பெற்றோர் நிறுத்திவிட்டு, ஐந்து வயதில் மறுபடி சேர்த்தார்கள். அதன் பிறகு கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்றப் பாடங்களுக்கு வேறு வகுப்பு என்று அந்தந்தப் பாடத்தில் அவர் எவ்வளவு வளர்ந்திருந்தாரோ அவ்வளவுக்கு உட்கார வைத்தார்கள். 2006இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பெற்றோர் பின்வாங்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பதுதான் இதில் கற்க வேண்டிய பாடம்.

திருவனந்தபுரத்தில் படித்த தமிழர்

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. இதே திருவனந்தபுரத்தில் படித்த ஒரு தமிழர் உலகம் அறிந்த கணித மேதையானார். அவர் எஸ். எஸ். பிள்ளை. 1901இல் குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் காலமானார். படிப்பு நின்றுபோயிருக்க வேண்டியதுதான். செங்கோட்டைப் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்டுகொண்ட சாஸ்திரியார் என்ற ஆசிரியர், தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து மேலே படிக்க வைத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட். பிறகு உதவித்தொகையுடன் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.

அவரை யாரும் வகுப்புத் தாண்ட வைக்கவில்லை. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களைக் கூட்டி எழுதிவிடலாம் என்பது பழைய முடிவு. 7 என்பது 4, 1, 1, 1. வர்க்கத்துக்குப் பதிலாக ஆறாவது அடுக்கு எண்களை எடுத்துக்கொண்டால் எத்தனை வேண்டும்? 73 போதும் என்று 1940இல் பிள்ளை நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 39. 1941இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் பணியாற்ற இந்த ஊருக்கே திரும்பி வந்தார். 1950இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். அவரை உயர்த்தியது மிச்சம் பிடித்த வருஷமல்ல; கவனித்துத் தாங்கிய ஓர் ஆசிரியர்.

ஓட்டம் வேறு, ஆழம் வேறு

இன்று டியூஷன்களில் பெரும்பாலும் நடப்பது என்ன? அடுத்த வருஷப் பாடத்தை இந்த வருஷமே நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே என்ட்ரன்ஸுக்குத் தயார் செய்கிறார்கள். பிள்ளை விடையைச் சொல்கிறான். காரணம் கேட்டால் விழிக்கிறான். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு என்கிறான். ஏன் என்றால், "கீழே இருப்பதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும், சார் சொன்னார்" என்கிறான். அரைக் கிலோ சர்க்கரையைக் கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் என்று சாலைக் கடைத்தெருவில் பொட்டலம் கட்டும் பையனைக் கேட்டால், காரணத்தோடு சொல்வான். முதல் பிள்ளை ஓடியிருக்கிறான், இரண்டாமவன் புரிந்துகொண்டிருக்கிறான்.

பள்ளி மாணவர்களுக்கான மிகக் கடினமான போட்டி சர்வதேசக் கணித ஒலிம்பியாட். இந்தியா 1989 முதல் அதில் கலந்துகொள்கிறது. அதற்குக் கால்குலஸ் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. எண்கள், முக்கோணங்கள், எண்ணும் முறைகள் ஆகியவற்றை அடியாழம் வரை தோண்டிக் கேட்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு ஓடிய பிள்ளைக்கு அங்கே சலுகை கிடையாது. நின்று யோசிக்கப் பழகிய பிள்ளைக்குத்தான் வெற்றி.

கேரளத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய கணித நூலின் பெயர் யுக்திபாஷா. மாதவர் முதலியோர் கண்ட முடிவுகளுக்குக் காரணங்களை, அதாவது யுக்திகளை, விளக்குவதால் அந்தப் பெயர்.

பெற்றோர் செய்யக்கூடியது

முதலாவது, கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். பிள்ளையே அடுத்த புத்தகத்தைத் தேடி எடுக்கிறானா? அப்படியானால் கொடுங்கள். தகப்பனார் மட்டும் கேட்கிறாரா? அப்படியானால் காத்திருப்பது நல்லது.

இரண்டாவது, வகுப்பு மாறாமலே கணக்கில் மட்டும் மேலே போக வழி தேட வேண்டும். தலைமையாசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் சந்தித்து, கணக்குப் பீரியடில் மட்டும் மேல் வகுப்பில் உட்கார அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அது முடியாவிட்டால், அதே பாடத்தில் கடினமான கணக்குகளைக் கொடுக்கச் சொல்லலாம். எட்டாம் வகுப்பு முதல் ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வை எழுதலாம்.

மூன்றாவது, வீட்டிலேயே கொடுக்கக்கூடிய கணக்குகள் ஏராளம். 20 மீட்டர் கயிற்றால் செவ்வகமாக வேலி போட்டால் எந்த வடிவத்தில் இடம் அதிகம்? 9க்கு 1 என்றால் 9 சதுர மீட்டர். 8க்கு 2 என்றால் 16. 5க்கு 5 என்றால் 25. ஏன் அப்படி என்று கேட்டு விட்டுவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் யோசிப்பான். அந்த ஒரு வாரம் பத்துப் பாடங்களுக்குச் சமம்.

மலையாளத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தயங்க வேண்டாம். பெருக்கல் அங்கே குணனம், வகுத்தல் ஹரணம், முக்கோணம் திரிகோணம் என்பது உண்மை. ஆனால் சுற்றளவும் பரப்பளவும் இரண்டு மொழிக்கும் ஒன்றே. பத்து வார்த்தைகளைப் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டால் மேற்படிக் கணக்கைத் தமிழிலேயே பேசலாம். பாளையத்தில் 1829இல் தோன்றிய பொது நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கு பஸ் செலவுக்கு ஒதுக்கினால் போதும்.

கணக்கு ஆசிரியர், தலைமையாசிரியர், பிள்ளை மூவரும் ஒத்துச் சொன்னால், மொழிப் பாடத்திலும் எழுத்திலும் பிள்ளை சளைக்காமல் இருந்தால், மேல் வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகவும் முடிந்தால், வகுப்புத் தாண்டுவதைத் தடுக்க வேண்டியதில்லை. இதில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பதே விவேகம். ஒரு வருஷம் தாமதமாகக் கிடைக்கும் சம்பளத்தைப் பின்னால் சரிக்கட்டிவிடலாம். கணக்கைக் கண்டாலே பயப்படும் பிள்ளையிடம் பழைய ஆசையைத் திரும்பக் கொண்டுவருவது லேசில் நடக்கிற காரியமல்ல.