வீடு கோயிலா, கொட்டடியா?

2020 மார்ச்சு 25-ல் கொரோனா நோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. "வீட்டிலேயே இருங்கள், வீடுதான் பத்திரம்" என்று பறையடித்தார்கள். யாருக்குப் பத்திரம்?

கணக்கைப் பாருங்கள். மார்ச்சு 22 வரையுள்ள 25 நாட்களில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 123. அடுத்த 25 நாட்களில் 239! இதுவும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தவர்கள் கணக்குத்தான். சொல்ல முடியாதவர்கள் எத்தனை பேர்?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டி சுமார் 40 கிலோமீட்டர் போனால் கிளாவரை. அதோடு பஸ் போகும் ரோடு முடிந்தது. பஸ்ஸே ஓடாத அந்நாட்களில் அங்கே ஒருத்தியைப் புருஷன் இராத்திரியில் அடித்திருந்தால், அவள் எந்த ஸ்டேஷனுக்கு நடப்பாள்? தாய்வீட்டுக்குத்தான் எப்படிப் போவாள்?

"எல்லாம் குடியால் வந்த கேடு" என்பார்கள் சில பெரிய மனிதர்கள். குடி கேடுதான். ஆனால் அந்த 239 புகார்கள் வந்த நாட்களில் பெரும்பாலும் மதுக்கடைகள் மூடிக் கிடந்தனவே! தமிழ்நாட்டில் மே 7-ல்தானே திறந்தார்கள்? அப்படியானால் கையை ஓங்க வைத்தது எது?

"கல்லானாலும் கணவன்" என்ற போதனைதான். குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினியை உத்தமி என்று கும்பிடும் நாட்டில், அடிப்பது ஆணின் உரிமையாகவும் அடிபடுவது பெண்ணின் கற்பாகவும் ஆகாமல் வேறென்ன ஆகும்? கொரோனா கதவைச் சாத்தியது, அவ்வளவே. உள்ளே இருந்த கொட்டடியைக் கட்டியது மதமும் சாஸ்திரமும் அல்லவா?

2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? அடிபட்டவளுக்கு அந்த வீட்டிலேயே வசிக்க உரிமை உண்டு. அடித்தவனை வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஊர்ப் பெரியவர்களோ "அனுசரித்துப் போம்மா" என்று அவளுக்கே புத்தி சொல்லுகிறார்கள். சட்டம் அவனைப் போகச் சொல்ல, ஊர் அவளைப் பொறுக்கச் சொல்லுகிறது. இது என்ன நியாயம்?

பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. ஆனால் மலையில் பூண்டு ஊன்றிக் களையெடுக்கும் பெண்கள் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது? சொந்தமாய் ஒரு காணி நிலமும் நாலு காசும் உள்ளவளை அடிக்க எவனும் யோசிப்பான்.

ஆகவே தோழர்களே! பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் "குடும்ப விஷயம்" என்று போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள். கதவைத் தட்டுங்கள், 181-க்குப் போன் செய்யுங்கள். மகளுக்கு நகைக்குப் பதில் நிலத்தை எழுதி வையுங்கள். மேடையில் சுயமரியாதை பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிறவனுக்கு நம் கூட்டத்தில் இடமில்லை.