அந்தமானுக்குப் போங்க, ஆனா ஒரு தீவைக் குறைச்சுக்கோங்க!



லீவு சீசன் நெருங்கினா, டாக்ஸ் கேள்விகளுக்கு நடுவுல தவறாம வர்ற ஒரு கேள்வி இருக்கு. "சார், அந்தமான் பேக்கேஜ். நாலு நைட், அஞ்சு நாள், மூணு தீவு. நாலு பேருக்கு 1,20,000 ரூபாய். ஒர்த்தா?"

என் பதில்: தாராளமா போங்க. ஆனா மூணு தீவு வேண்டாம், ரெண்டு போதும். இதை ரசனை சார்ந்த விஷயமா சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.

வழக்கமான பேக்கேஜ் எப்படி இருக்கும்? முதல் நாள் போர்ட் பிளேர்ல இறங்கி செல்லுலார் ஜெயில் பார்ப்பீங்க. (2024-லேர்ந்து ஊரோட பேர் ஸ்ரீ விஜயபுரம்.) ரெண்டாம் நாள் ஃபெர்ரியில ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் த்வீப். மூணாம் நாள் அங்கேர்ந்து நீல் தீவு. நாலாம் நாள் திரும்ப போர்ட் பிளேர். அஞ்சாம் நாள் ஃபிளைட். ஆக, கடலுக்குன்னு உங்களுக்குக் கிடைக்கிறது நடுவுல இருக்கிற மூணு நாள்தான்.

இங்க ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அந்தமான் நம்ம ஊருக்கு ரொம்பக் கிழக்கால இருக்கு, ஆனா கடிகாரம் மட்டும் ஒண்ணுதான். அதனால டிசம்பர்ல சாயங்காலம் 5 மணி சுமாருக்கே சூரியன் மறைஞ்சிடும். பகல் வெளிச்சம் ஒரு நாளைக்கு சுமார் 11 மணி நேரம். மூணு நாளைக்கு 33 மணி நேரம்.

இப்போ ஒரு ஃபெர்ரி பயணத்துக்கு என்ன ஆகும்னு பாருங்க. ரூமைக் காலி பண்ணணும், ஜெட்டிக்குப் போகணும், ஒரு மணி நேரம் முன்னாடியே ரிப்போர்ட் பண்ணணும், பயணம், இறங்கி வண்டி பிடிக்கணும், புது ரூம்ல செக்-இன். குறைஞ்சது 4 மணி நேரம் போயிடும். மூணு பயணம்னா 12 மணி நேரம். மிச்சம் 21 மணி நேரம். 1,20,000-ஐ 21-ஆல வகுத்தா, கடற்கரையில ஒரு மணி நேரத்துக்கு நீங்க கொடுக்கிற விலை சுமார் 5,700 ரூபாய்.

நீலை விட்டுட்டு ஹேவ்லாக்ல மட்டும் தங்கினா ஃபெர்ரி ரெண்டுதான். கையில 25 மணி நேரம் இருக்கும். ஒரு ஃபெர்ரி, டாக்ஸி செலவுன்னு 8,000 ரூபாய் மிச்சம் ஆகுதுன்னு வெச்சுப்போம். அப்போ 1,12,000-ஐ 25-ஆல வகுங்க: 4,480 ரூபாய். செலவு குறையுது, கடல் நேரம் கூடுது. எந்த டிஸ்கவுன்ட் கூப்பனும் இதைச் செய்யாது. அமைதிதான் வேணும்னா நீல்ல தங்கிட்டு ஹேவ்லாக்கை விடுங்க, அதுவும் சரிதான். கணக்கு பெருசா மாறாது.

இதைவிட முக்கியமான காரணம் ரிஸ்க். பவளப்பாறையைப் பார்க்கணும்னா தண்ணி தெளிவா இருக்கணும். எலிஃபன்ட் பீச்சுக்கு ஒரே ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, அன்னிக்குன்னு கடல் கலங்கலா இருந்தா, அவ்வளவுதான். மத்தியானம் அடுத்த தீவுக்கு ஃபெர்ரி. மொத்தப் பணத்தையும் ஒரே ஷேர்ல போட்ட மாதிரி. இன்னொரு நாள் அங்கேயே இருந்தா மறுநாள் காலையில திரும்ப இறங்கலாம். அதே மாதிரி, வானிலை சரியில்லைன்னா ஃபெர்ரி ரத்தாகும். அதனால கடைசி ராத்திரி கண்டிப்பா போர்ட் பிளேர்லதான் தங்கணும். ஃபிளைட் இருக்கிற நாள்ல தீவுலேர்ந்து கிளம்புற பிளானை யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

சரி, பணம்? இ.எம்.ஐ. போட்டுப் போறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். 1,20,000 ரூபாயை 14% வட்டியில ரெண்டு வருஷ பர்சனல் லோனா எடுத்தா மாசம் சுமார் 5,760 ரூபாய், வட்டி மட்டும் 18,000-க்கு மேல. பசங்க கால்ல ஒட்டின மணல் போன பிறகும் நீங்க கட்டிட்டே இருப்பீங்க. அதுக்குப் பதிலா மாசம் 10,000 வீதம் ஒரு வருஷம் ஆர்.டி. போடுங்க. பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருந்து, கம்பெனியும் எல்.டி.ஏ. கொடுத்தா, போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஹோட்டல், சாப்பாடு, ஸ்கூபா எதுக்கும் கிடையாது. அதனால பேக்கேஜா வாங்கினாலும் ஃபிளைட் டிக்கெட் பில்லைத் தனியா கேட்டு வாங்குங்க, போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. புது ரெஜிம்ல இந்தச் சலுகை இல்லை.

இதுக்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. "இதெல்லாம் வீண் செலவு சார், ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்." இவங்க கிட்டயும் எனக்கு உடன்பாடு இல்லை. பவளப்பாறை ஃபிக்ஸட் டெபாசிட் கிடையாது, தள்ளிப் போட்டா வட்டியோட திரும்பி வராது. கடல் தண்ணி சூடானதால அந்தமான்ல 2010-லயும் 2016-லயும் பவளங்கள் நிறமிழந்து வெளுத்துப் போச்சு. உலக அளவுல நாலாவது பெரிய வெளுப்பு நடக்குதுன்னு 2024 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. அங்க தண்ணிக்கடியில இருக்கிறது தேய்மானம் ஆகிட்டு இருக்கிற சொத்து. உங்க அம்மாவோட முழங்காலும் அப்படித்தான். படகுல ஏறி இறங்க அவங்களுக்கும் தெம்பு வேணும்ல?

அந்தத் தேய்மானத்தை நாமளும் வேகப்படுத்தக் கூடாது. ஸ்நார்கலிங் பண்ணும்போது பவளத்து மேல கால் வைக்காதீங்க, அது கல்லு இல்ல, உயிர். கரையில கிடக்குதேன்னு ஒரு துண்டை பைக்குள்ள போடாதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட் சோதனையில மாட்டுவீங்க.

இன்னிக்கே உங்க பேக்கேஜ் பிளானை எடுத்து வெச்சுக்கோங்க. எத்தனை தீவுன்னு எண்ணாம, வெளிச்சம் இருக்கும்போது கடலோரத்துல எத்தனை மணி நேரம்னு எண்ணுங்க. மொத்த விலையை அதால வகுங்க. அந்த நம்பரைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.