'அம்மா, நாளைக்கும் வரலாமா?'

எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. குறுகலான குழாய்க்குள் படுக்கவைத்து, 'அசையாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேல் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல 'டொக் டொக்' ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசையும். குழந்தைகள் என்ன செய்வார்கள், பாவம்!

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் டக் டீட்ஸ், அமெரிக்காவின் ஜி.இ. ஹெல்த்கேர் நிறுவனத்தில் மருத்துவக் கருவிகளை வடிவமைத்தவர். தன் டீம் உருவாக்கிய புது எம்.ஆர்.ஐ மெஷினைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனார். பிள்ளையின் ஆண்டு விழாவுக்குப் போகும் அப்பா மாதிரி, அவ்வளவு பெருமை அவருக்கு.

அப்போது பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். மெஷின் இருக்கும் அறையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். உடனே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேனுக்கு வரும் குழந்தைகளில் 80 சதவிகிதம் பேர் வரை இப்படி மயக்க மருந்து கொடுத்துத்தான் படுக்கவைக்கிறார்கள் என்று தெரிந்ததும், டீட்ஸ் ஆடிப்போனார். அசைந்தால் படம் கலங்கிவிடும். பயந்த குழந்தையோ அசையாமல் இருக்காது. அவர் கொண்டுவந்த பெருமையெல்லாம் அந்த அறை வாசலிலேயே கரைந்துபோனது.

'மெஷின் நல்லாத்தானே வேலை செய்யுது' என்று அவர் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூலில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தார். குழந்தைகள் காப்பகத்துக்குப் போய், அவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். மருத்துவமனை ஊழியர்கள், குழந்தைகள் அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்கள் எனப் பலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு டீம் அமைத்தார்.

பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறை அப்படியே மாறியது. மெஷினுக்குள் இருக்கும் தொழில்நுட்பத்தில் யாரும் கை வைக்கவில்லை. வெளியே, தரையில், சுவரில் எல்லாம் படங்கள். ஓர் அறை கடற்கொள்ளையர் கப்பல் ஆனது, இன்னொன்று விண்கலம். ஊழியர்கள் சொல்வதற்குக் கதையும் தயார். 'கவனிச்சுக் கேளு... இப்போ விண்கலம் வேகமெடுக்கப்போகுது' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த 'டொக் டொக்'கும் கதையில் வரும் ஒரு சத்தம்தான். கப்பல் பயணம் முடிந்து வரும் குழந்தைக்கு, புதையல் பெட்டியிலிருந்து ஒரு குட்டிப் பரிசு!

மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஒருநாள், ஸ்கேன் முடித்து வந்த ஒரு சிறுமியின் அம்மாவுடன் டீட்ஸ் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள், 'அம்மா, நாளைக்கும் வரலாமா?' பெருமைப்பட ஒரு டீமுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உங்கள் வீட்டுச் சுட்டிக்கு எப்போதாவது ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால், முதல் நாளே அந்தச் சத்தத்தை மொபைலில் போட்டுக் காட்டுங்கள். 'யார் அதிக நேரம் சிலை மாதிரி இருக்கிறாங்க பார்க்கலாமா?' என்று போட்டி வையுங்கள். கப்பல் படம் ஒட்டிய அறை கிடைக்காவிட்டாலும், ஒரு நல்ல கதை எல்லா வீட்டிலும் கிடைக்கும்தானே!